வண்டியில் இருக்கும் மோப்ப நாய்க்கு யார் பொறுப்பு?

மதுரை, திருநெல்வேலி அளவுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வெயில் கொளுத்துவதில்லை என்ற எண்ணத்தை, காவல்துறை மோப்ப நாயோடு பணிக்குச் செல்பவர்கள் முதலில் கைவிட வேண்டும். வெளியே 32 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே, வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் 10 நிமிடத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அரை மணி நேரத்தில் 50 டிகிரியை எட்டிவிடும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது ஆவியாகும் ஈரமே அதன் உடலைத் தணிக்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், அந்த முக்கிய வழியும் இங்கு ஓரளவு அடைபட்டுப் போகிறது.

மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் 3-ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தம் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமையை விதிக்கிறது. ஆகவே, நாய் அரசுக்குச் சொந்தம் என்பதால் அதை வண்டியில் கொண்டுவரும் காவலரின் கடமை குறைந்துவிடுவதில்லை.

நடைமுறையில் சிக்கல் எழுவது பொறுப்பு கைமாறும் நேரத்தில்தான். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழாப் பாதுகாப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: அதிகாரி அழைத்தார் என்று நாயின் கையாளுநர் இறங்கிப் போகிறார், நாயையும் அவர் கூட்டிச் சென்றுவிட்டார் என எண்ணி, ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். இதைத் தவிர்க்க, "நாய் உள்ளே இருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி, "சரி" என்ற பதிலைக் காதால் கேட்ட பிறகே கையாளுநர் நகர வேண்டும். நேரத்தையும் பெயரையும் குறிப்பேட்டில் எழுதுவது நல்லது. பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் நாயை இறக்கி, கூடவே அழைத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஏ.சி. ஓடுகிறதே என்பது சமாதானம் ஆகாது. எஞ்சின் நின்றாலோ கம்ப்ரசர் பழுதானாலோ வெளியில் நிற்பவருக்கு அது தெரியாது. வெளிநாட்டுக் காவல்துறைகள் சிலவற்றில், உள்வெப்பம் ஏறினால் கண்ணாடியை இறக்கி ஹாரனை ஒலிக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். கருவியும் பழுதாகக்கூடியதே என்பதால், ஆள் சென்று பார்ப்பதை அதை நம்பி நிறுத்தக் கூடாது.

விடாமல் இரைப்பது, எச்சில் கெட்டியாக வழிவது, ஈறு கடுஞ்சிவப்பாவது, கால் தள்ளாடுவது ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். உடனே வாய்க்கவசத்தைக் கழற்றி, நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கும் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிற வேண்டும். ஈரச் சாக்கால் போர்த்தினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். குடிக்கத் தண்ணீர் வைக்கலாம், வாயில் புகட்டக் கூடாது. குளிர்வித்துக்கொண்டே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சிறுநீரகப் பாதிப்பு மணிக்கணக்கில் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், நாய் எழுந்து வாலாட்டினாலும் பாதிவழியில் திரும்பிவிட வேண்டாம்.