எலி வாலை அளக்கும் முன் ஏசியைப் பாருங்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நாங்கள் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். மெனோபாஸ் சமயத்தில் பெண்களுக்குத் திடீரென்று முகமும் மார்பும் கொதித்து வியர்ப்பதை ('ஃப்ளஷ்') ஆராய, சினைப்பை நீக்கிய எலியின் வால் தோல் சூட்டை அளக்கிறோம். எலி நம்மைப் போல வியர்க்காது. முக்கியமாக வாலின் ரத்தக்குழாய் விரிந்துதான் உடற்சூடு வெளியேறும். எடை குறிக்க மறப்பது போன்றவை தானாகத் திருந்திவிடும், விடுங்கள்.

அறையின் சூடு

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். 22 டிகிரி நமக்குச் சுகம், எலிக்குக் குளிர். அந்தக் குளிரில், சினைப்பை சுரக்கும் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஊசியிலோ வேறு வழியிலோ கொடுத்த எலியும் சரி, கொடுக்காததும் சரி, வாலின் ரத்தக்குழாயை இறுக்கிக்கொள்ளும். வால் கிட்டத்தட்ட அறையின் சூட்டையே காட்டும். 30ஐத் தாண்டினால் இரண்டுமே விரித்துவிடும். நடுவில் உள்ள சில டிகிரிகளில்தான் வித்தியாசம் பிடிபடும்.

ஒரு மாணவி, மருந்து கொடுத்த எலிகளின் வால் சூடு அழகாக இறங்கியதாக கிராஃப் கொண்டுவந்தார். காலையில் கண்ட்ரோல் (மருந்து கொடுக்காத) எலிகளை அளந்திருக்கிறார், மதியம் மருந்து எலிகளை, இடையில் யாரோ புழுக்கம் என்று ஏசியைக் கூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை, வாரக்கணக்கான காத்திருப்பு, நெறிமுறைக் குழுவின் அனுமதி, அத்தனை எலிகளின் உயிர், எல்லாம் வீண்.

வாலின் சூட்டை மட்டும் எழுதாதீர்கள். வாலுக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தை, உள்ளுடலுக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். அறை 26, வால் 33, உள்ளுடல் 37 என்றால் 7/11, அதாவது 0.64. இரண்டு குழுக்களையும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் அளப்பது அப்போதும் கட்டாயம்.

பகலில் மட்டும் அளப்பது

எலி இரவில் நடமாடும் பிராணி. நல்ல எலிக்கு இருட்டில் வால் சூடு இறங்கும், சினைப்பை நீக்கியதற்கு அப்படி இறங்காது. பகலில் மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது.

கையில் பிடித்து அளப்பது

வேண்டாம். பயத்தில் வால் குளிர்ந்துவிடும்.

சோயா தீவனம்

மாற்றுங்கள். அதிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருட்கள் ஈஸ்ட்ரோஜன் வேலையைப் பார்க்கும்.

'எலிக்கு மெனோபாஸ்' என்று எழுதுவது

எலிக்கு மாதவிடாயே கிடையாது. பெண்களுக்கு வருஷக்கணக்கில் ஏறி இறங்கிக் குறையும் ஹார்மோன், அறுவையில் சட்டென்று விழுகிறது. அதற்காக மாடலைத் தூக்கி எறியவும் வேண்டாம். அரிசோனா பல்கலைக்கழகத்தில் நவோமி ரான்ஸ் குழுவினர் எலியின் மூளையில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைபோதாலமஸ் பகுதியில், நியூரோகைனின் பி என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை அழித்தபோது வால் சூடு இறங்கியது. அந்தப் பாதையைத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற ஃப்ளஷ் மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் வால் சராசரியாக ஒரு டிகிரி இறங்கியதைக் காட்டிவிட்டு 'ஃப்ளஷ் எண்ணிக்கை குறைந்தது' என்று எழுதிக் கொண்டுவந்தால், நான் கையெழுத்துப் போட மாட்டேன்.