கடற்காற்றுக்கு அசையாத பிக்சல் லைட் பேனல்: ஃபிரேம் செய்யும் முறை

கோயில் கொடை, சர்ச் திருவிழா, சந்தனக்கூடு என்று எதை எடுத்தாலும் இப்போது சீரியல் லைட்டின் இடத்தை, ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடிய பிக்சல் லைட் பிடித்துவிட்டது. கன்ட்ரோலர், சாஃப்ட்வேர் பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த விளக்குகளைத் தாங்கும் ஃபிரேமைப் பற்றித்தான் பேச்சே இல்லை. மதுரையில் ஒரு மண்டபத்துக்குள் மாட்டும் பேனலுக்கு எந்த ஃபிரேமும் போதும். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் ராமநாதபுரம் கடற்கரையில் அது எடுபடாது. இங்கே காற்று ஒரு பக்கம் தள்ளும், உப்பு இன்னொரு பக்கம் தின்னும்.

முதலில் காற்றுக் கணக்கு. காற்றின் வேகத்தை நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.6ஆல் பெருக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தொட்டால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அது நொடிக்குச் சுமார் 16 மீட்டர். அந்தக் காற்று 12 அடிக்கு 6 அடி அடைப்பான பலகை மீது நேராக அடித்தால் 100 கிலோவுக்கு மேல் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்காகும்.

அதனால் ஷீட்டில் ஓட்டை போட்டு பிக்சல் செருகும் வழக்கமான முறை இங்கே வேண்டாம். கடற்கரையில் ஷீட் பேனல் என்பது படகுக்குப் பாய் கட்டுவது மாதிரி. அதற்குப் பதிலாகச் சட்டம் அடித்து, அதில் இடைவெளி விட்டு அலுமினியப் பட்டைகளைப் பூட்டப்போகிறோம். காற்று நடுவே புகுந்து போய்விடும், தள்ளும் விசையும் ஏறக்குறைய பாதியாகும்.

அளவு

ஒரு பேனல் 4 அடி அகலம், 3 அடி உயரம். இந்த அளவைச் சொல்லக் காரணம் உண்டு, கீழே வரும். பிக்சலுக்குப் பிக்சல் 3 இஞ்ச் இடைவெளி வைத்தால் மேலிருந்து கீழாக 16 வரிசை, வரிசைக்கு 12, மொத்தம் 192 பிக்சல். 50 பிக்சல் கொண்ட சரம் நான்கு வாங்கினால் போதும். மிச்சம் எட்டு ஸ்பேருக்கு ஆகும்.

முதல் பிக்சல் விளிம்பிலிருந்து ஒன்றரை இஞ்ச் தள்ளி வர வேண்டும். அப்படி வைத்தால்தான் இரண்டு பேனலை ஒட்டி நிறுத்தும்போதும் நடுவில் அதே 3 இஞ்ச் வரும், படம் உடையாது.

வெட்டுவதும் வெல்டிங்கும்

1 இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்கொயர் டியூப், 16 கேஜ் கனம். 48 இஞ்சில் இரண்டு, 34 இஞ்சில் மூன்று வெட்டுங்கள். 20 அடி நீளமுள்ள ஒரே டியூப்பில் எல்லாம் அடங்கும். 48 இஞ்ச் துண்டுகள் மேலும் கீழும், 34 இஞ்ச் துண்டுகள் இரண்டு ஓரத்திலும் ஒன்று சரிபாதியிலும். இந்த நடுக்கால் எட்டாவது பட்டைக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில் விழும், எந்தப் பிக்சலையும் இடிக்காது.

வெல்டிங் வைக்கும் முன் மூட்டு வரும் இடங்களில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிடுங்கள். அது எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பட்டறைக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்வது நல்லது.

முதலில் மூலைக்கு ஒரு பொட்டு வெல்டிங் மட்டும் வையுங்கள். அப்புறம் டேப்பை எடுத்து மூலைவிட்டம் அளக்க வேண்டும். 3, 4 என்றால் 5 என்பது கொத்தனார் கணக்கு. நம் சட்டத்தில் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 5 அடி இருக்க வேண்டும். 4க்கு 3 அளவைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். ஒன்று கூடி மற்றது குறைந்தால் நீளமான மூலையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு முழு வெல்டிங் போடலாம். ஒரு மூலை முடிந்ததும் எதிர்மூலைக்குப் போங்கள். வரிசையாகப் போனால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

மூலைகளுக்குப் பின்புறம் 3 மி.மீ. முக்கோணத் தகடு வையுங்கள். அதன் பக்கம் இரண்டரை இஞ்சைத் தாண்டினால் மூலைப் பிக்சலை மறித்துவிடும்.

உப்பு

நாள்பட்ட சட்டங்களைப் பார்த்தால் வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும், தட்டினால் பொலபொலவென்று உதிரும். துரு உள்ளேயிருந்து வருகிறது. புதிய பாம்பன் பாலத்தில் மூட்டுகளை முழுக்க வெல்டிங் செய்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் பயன்படுத்தியதற்குக் காரணமும் இந்த உப்புதான். நாமும் அங்கங்கே பொட்டு வைத்து விடாமல் மூட்டைச் சுற்றி முழுதாக வெல்டிங் வைக்க வேண்டும். 48 இஞ்ச் டியூப்பின் திறந்த வாய்களைத் தகடு வைத்து அடையுங்கள். பட்டைக்குப் போடும் போல்ட் ஓட்டைகள் வழியாக எப்படியும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். அதற்குக் கீழ் டியூப்பின் அடிப்பக்கத்தில் 6 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பெயின்ட்டுக்கு முன் சட்டத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். ஓர் இரவு வெளியில் கிடந்தாலே உப்பு படிந்திருக்கும், அதன் மேல் அடிக்கும் பெயின்ட் கொப்பளிக்கும். வெல்டிங் வைத்த இடங்களுக்கு ஜிங்க் ரிச் ப்ரைமர், அதன் மேல் எபாக்சி. வெறும் ரெட் ஆக்சைடு நம் ஊருக்குப் போதாது. நிறம் மினுமினுப்பில்லாத கறுப்பு. எரியும்போது விளக்கு எடுப்பாகத் தெரியும்.

பட்டை

1 இஞ்ச் அகல அலுமினியத் தட்டை, 2 மி.மீ. கனம், 36 இஞ்சில் 16 துண்டு. முனையிலிருந்து ஒன்றரை இஞ்சில் தொடங்கி 3 இஞ்சுக்கு ஒன்றாக 12 மி.மீ. ஓட்டை. ஒரு பட்டையில் கவனமாகக் குறித்து, அதையே அச்சாக வைத்து மற்றவற்றை நாலைந்தாகச் சேர்த்துப் பிடித்துத் துளையிட்டால் வரிசை கோணாது.

அலுமினியமும் ஜிஐ டியூப்பும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அரிப்பு வேகமாகும். நடுவில் நைலான் வாஷர் கட்டாயம். போல்ட் 5 மி.மீ., எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகம். 304 விலை குறைவுதான், ஆனால் 316இல் கலந்திருக்கும் மாலிப்டினம்தான் உப்பைத் தாங்கும். காற்றின் அதிர்வில் கழலாமல் இருக்க, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு.

192 பிக்சலும் முழு வெள்ளையில் எரிந்தால், 5 வோல்ட் வகைக்குத் தலா 60 மில்லியாம்பியர் வீதம் சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். பவர் சப்ளை பெட்டியைக் கீழே வைத்து, ஒயர்களை அடியிலிருந்து நுழையுங்கள். நுழையும் முன் ஒயர் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். சட்டத்துக்கு எர்த், லைனில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. இந்த இரண்டும் இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள்.

நிறுத்துவது

இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஆடி மாதக் கச்சான் காற்றுக்குப் பேனலின் முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டுங்கள். 2 இஞ்ச் ஜிஐ பைப் கம்பங்களில் யூ கிளாம்ப் போட்டுப் பேனலைப் பூட்ட வேண்டும். கம்பங்களுக்கு முன்னும் பின்னும் இழுவைக் கம்பி வேண்டும். நைலான் கயிறு பாரத்தில் நீளும், அதனால் ஒயர் ரோப்பும், அதை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளும் நல்லது. மணலில் முளை அடித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டு மூன்றடி ஆழத்துக்குக் குழி தோண்டி, பனங்கட்டை ஒன்றைப் படுக்கவைத்து, நடுவில் ஒயர் ரோப்பைக் கட்டி மூடி மிதியுங்கள். மேலே நாலு மணல் மூட்டை போட்டால் இன்னும் நல்லது.

கிளாம்ப் நட்டுகளை ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஸ்பேனரோடு இரண்டு பேர் போய்ச் சட்டென்று கழற்ற முடிய வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், எத்தனையாம் எண் என்று விசாரித்துக்கொண்டிருக்காமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேனலை இறக்கிப் படுக்கவைத்து, மேலே மூட்டை ஏற்றிவிடுங்கள்.