நிறம் பார்த்துக் கடல் நத்தை வாங்காதீர்கள்

நாகர்கோவில், குளச்சல் பக்கம் வீட்டில் ரீஃப் டேங்க் (பவள உயிர்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைக்கிறவர்கள் இப்போது ஓடில்லாத வண்ணக் கடல் நத்தைகளைத் தேடுகிறார்கள். அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரியும். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. டேங்க்கைச் சுத்தமாக வைப்பது, வெப்பநிலை பார்ப்பது போன்றவை உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

என்ன தின்னும் என்று தெரியாமல் வாங்குவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். குளச்சல் தம்பி ஒருவர் கூரியரில் ஒரு நத்தையை வரவழைத்தார். கறுப்புக் கோடுகள், நீல மேடுகள், மேலே மஞ்சள் குமிழ்கள்: ஃபில்லிடியா வாரிகோசா. விற்றவர் "பாசி தின்னும்" என்று சொல்லியிருக்கிறார். பாசியைச் சுரண்ட அதற்குப் பல்லே கிடையாது! கடற்பஞ்சின் திசுவைக் கரைத்து உறிஞ்சித்தான் அது வாழும். அதற்கு ஏற்ற கடற்பஞ்சு நம் டேங்க்கில் வளராது. மீன் தீனி போட்டும் பயனில்லை.

"அண்ணா, எப்பவும் ஊர்ந்துட்டேதான் கெடக்கு, நல்ல சுறுசுறுப்பு" என்றார் தம்பி. கண்ணாடியில் ஓயாமல் ஊர்ந்தால் அது இரை தேடுகிறது என்று பொருள். இந்த நத்தைகள் பட்டினியால் உடனே சாவதில்லை. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். தினமும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. அதனால், வாங்கிய அன்றே அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஒரு ராத்திரி அது பாறைக்குப் பின்னால் செத்துவிட்டது. விடியும்போது க்ளவுன் மீன்களும் இறால்களும் போய்விட்டிருந்தன. இந்த இனம் சுரக்கும் விஷம் மீனையும் இறாலையும் கொல்லும் என்பது 1963லேயே பதிவான விஷயம். அதைச் சொல்லாமல் விற்பது அநியாயம்.

சரி, எதைத்தான் வளர்ப்பது? டேங்க்கில் களைபோலப் பெருகும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியின் தொல்லை இருந்தால் பெர்கியா என்ற நத்தையை வாங்கலாம். அது ஐப்டேசியாவை மட்டுமே தின்னும். தீர்ந்ததும் அதே தொல்லை உள்ள இன்னொருவர் டேங்க்குக்குக் கொடுத்துவிட வேண்டும். ராஸ் மீன் இருந்தால் பெர்கியாவையே அது தின்றுவிடும். லெட்யூஸ் ஸ்லக் என்ற ஓடில்லா நத்தை உண்மையாகவே பாசி தின்பது. பாசியின் பசுங்கணிகங்களைத் தன் உடலிலேயே வைத்துக்கொள்ளும், அதனால் வெளிச்சமும் வேண்டும். இழைப்பாசி நிறைய இருக்கிற டேங்க்குக்கு மட்டும் அதை வாங்குங்கள்.

பவர்ஹெட்டை மூடாமல் விடுவது

டேங்க்குக்குள் நீரைச் சுழற்றும் இந்தப் பம்புக்கு நுண்ணிய பஞ்சு உறை போடுங்கள். உள்ளே இழுக்கப்பட்ட நத்தை பிழைக்காது.

செம்பு கலந்த மருந்து

ஒரு சொட்டும் கூடாது.

கரையிலிருந்து பிடித்து வருவது

முட்டத்துப் பாறைக் குழிகளில் பார்த்ததை அங்கேயே விட்டுவிடுங்கள். கூடவே பவளத்துண்டு எடுத்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மழைக்காலக் கடல்நீர்

தென்மேற்குப் பருவமழையில் தேங்காப்பட்டணம், மணக்குடி பொழிமுகங்களில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்துவிடும். பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நம்பக் கூடாது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்டாத நீரை டேங்க்கில் ஊற்றாதீர்கள். அந்த மாதங்களில் செயற்கை உப்புக் கலவைதான் பாதுகாப்பு. புது நத்தையை விடும்போதும் டேங்க் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குங்கள். உப்பளவு திடீரென்று மாறினால் மீனைவிட நத்தைதான் முதலில் துவளும்.