சைக்கிள் செயினில் இறுகிப்போன குயிக் லிங்க்கைக் கழற்றும் முறை

செயினைக் கழற்றிச் சுத்தம் செய்ய உட்காரும்போது, அதன் இரு முனைகளையும் இணைக்கும் கழற்றக்கூடிய கண்ணியான குயிக் லிங்க் அசைய மறுத்தால், பெரும்பாலோர் அதன் இரு பக்கங்களையும் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். இழுக்க இழுக்க இறுகுவதுதான் அந்த லிங்க்கின் இயல்பு. அதனால்தான் அது ஓட்டத்தில் கழன்று விழுவதில்லை. ஆகவே கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் அதன் அமைப்பை ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுங்கள்.

குயிக் லிங்க் ஒரே வடிவிலான இரண்டு பாதிகளால் ஆனது. ஒவ்வொரு பாதியும் ஒரு தகடு. அதன் ஒரு முனையில் சிறிய முளை நிலையாகப் பதிந்திருக்கும், மறுமுனையில் சாவித் துவாரத்தைப் போன்ற நீள்துளை இருக்கும். ஒரு பாதியின் முளை மற்றதன் துளையில் அகன்ற பகுதி வழியாக நுழைந்து, மிதிக்கும்போது ஏற்படும் இழுப்பினால் குறுகிய பகுதிக்கு நகர்கிறது. அங்கே முளையின் நுனியை ஒட்டியுள்ள பள்ளத்தில் தகட்டின் விளிம்பு மாட்டிக்கொள்கிறது. எனவே கழற்றுவதற்கு இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்: தகடுகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று நோக்கி லேசாக அழுந்த வேண்டும், முளைகள் இரண்டும் செயினின் நீளவாக்கில் நெருங்கி வர வேண்டும்.

முதலில் சுத்தம். இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்பது என் அனுபவம். எண்ணெயும் நுண்ணிய மண்ணும் கலந்து கெட்டியான கருப்புக் களிம்பு அந்த நீள்துளையை நிரப்பியிருக்கும். முளை நகர வேண்டிய இடமே அடைபட்டிருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் அது எங்கே போகும்? பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீசரைத் தொட்டு இரு பக்கத் துளைகளையும் தேய்த்து, ஒரு குண்டூசியால் களிம்பைக் கிளறி எடுங்கள். துரு தெரிந்தால், துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, லிங்க்கை மேலும் கீழும் மடக்கி அசையுங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால் டிஸ்க்கைத் துணியால் மூடிவிட வேண்டும்; அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

அடுத்து, செயினின் இழுப்பைத் தளர்த்துங்கள். முன்னும் பின்னும் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றி, பெடலைச் சுற்றி லிங்க்கைக் கீழ்ப்பக்க ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு முன் பல்சக்கரத்திலிருந்து செயினை இறக்கி ஃபிரேமின் மேல் தொங்கவிடுங்கள். லிங்க்கின் இரு பக்கமும் செயின் தொய்வாக இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கென்றே உள்ள பிளையர் இருந்தால், லிங்க்கின் இரு முனைகளிலும் உள்ள உருளைகளுக்கு வெளிப்புறமாக அதன் வாய்களை நுழைத்து அழுத்துங்கள். அழுத்தும்போதே மறு கையின் விரல்களால் தகடுகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்தால், "டிக்" என்ற சிறு ஓசையுடன் அது விடுபடும்.

சாதாரண பிளையர் மட்டுமே இருந்தால் மூலைவிட்டமாகப் பிடிக்க வேண்டும். இங்கேதான் நான் ஆரம்பத்தில் அரை மணி நேரத்தை வீணாக்கினேன்: தவறான மூலைகளைப் பிடித்து அழுத்தி, லிங்க்கை மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன். அருகிலுள்ள தகட்டில் நீள்துளை எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த முனையை விட்டுவிட்டு, முளை பதிந்துள்ள எதிர் முனையின் விளிம்பில் பிளையரின் ஒரு வாயை வையுங்கள். மற்ற வாயை எதிர்ப்பக்கத் தகட்டில், அதேபோல் முளை பதிந்த முனையில் வையுங்கள். இப்போது பிளையர் செயினுக்குக் குறுக்கே சாய்வாக நிற்கும். ஒரே அழுத்தத்தில் தேவையான இரண்டு அசைவுகளும் கிடைக்கும்.

பிளையரே இல்லாதபோது, பழைய கியர் கேபிளோ உறுதியான ஷூ கயிறோ போதும். அதை லிங்க்கின் இரு உருளைகளுக்கும் வெளியே உள்ள இடைவெளிகள் வழியாக நுழைத்து, இரு நுனிகளையும் குறுக்காக மாற்றிப் பிடித்து, சுருக்குப் போல வெடுக்கென்று இழுங்கள்.

இவை எதற்கும் அசையாவிட்டால், செயின் பின்னை வெளியே தள்ளும் கருவியை எடுக்க வேண்டியதுதான். இறுகிய லிங்க்கோடு மேலும் போராடாமல், வேறோர் இடத்தில் வெளித்தகடு கொண்ட ஒரு கண்ணியை முழுவதுமாக அகற்றிவிட்டு, அந்த இடத்தில் புதிய குயிக் லிங்க்கைப் பொருத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. செயினின் நீளமும் குறையாது. பழைய லிங்க் தடையின்றி மடங்கினால் அது அப்படியே இருக்கலாம்.

மீண்டும் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். 10, 11, 12 கியர் (அதாவது பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை) செயின்களுக்கான லிங்க்குகளில் பலவற்றை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஷிமானோவின் 11 கியர் லிங்க்கும் எஸ்ராமின் பவர்லாக்கும் அத்தகையவை. கண்ணியின் நீளம் எல்லாவற்றிலும் 12.7 மி.மீ. என்றாலும் அகலம் மாறுவதால், உங்கள் செயினின் கியர் எண்ணிக்கைக்கு உரிய லிங்க்கையே வாங்குங்கள். அதை மாட்டி மேற்பக்க ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கை இறுகப் பிடித்தபடி பெடலை முன்னோக்கி அழுத்துங்கள், லிங்க் பூட்டிக்கொள்ளும். இரு முளைகளும் துளையின் குறுகிய முனையில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று இரு பக்கமும் குனிந்து பார்த்த பிறகே வண்டியில் ஏறுங்கள்.