ஆர்க் கோப்பில் பைத்தான் செஷன்: நான் மாட்டிக்கொண்ட இடங்கள்

எங்கள் அடுக்ககத்தில் 12 வீடுகள். லாரித் தண்ணீர், மோட்டார் ரிப்பேர், படிக்கட்டு விளக்கு எல்லாக் கணக்கும் என் தலையில்தான். எக்செல் எனக்கு ஒத்துவராது. இமாக்ஸ் என்ற எடிட்டரில் ஒரு ஆர்க் கோப்பைத் (குறிப்பெழுதும் எழுத்துக் கோப்பு) திறந்து, குறிப்புகளுக்கு நடுவிலேயே பைத்தான் நிரல் துண்டுகளை எழுதி அங்கேயே ஓட்டிக்கொள்வேன். ஆர்க் மோடில் இந்த வேலையைச் செய்வது பேபல் என்ற பகுதி.

சாதாரணமாக ஒவ்வொரு துண்டுக்கும் புது பைத்தான் கிளம்பும். முடிந்ததும் எல்லாம் மறந்துபோகும். துண்டின் தலைப்பு வரியில் 'செஷன்' என்று சேர்த்து ஒரு பெயரும் கொடுத்தால், பின்னணியில் ஒரே பைத்தான் உயிரோடு இருக்கும். முதல் துண்டில் வைத்த மாறி (ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர்) மூன்றாவது துண்டிலும் கிடைக்கும். வசதிதான், ஆனால் வம்பும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு மாதம் லாரி மூன்று முறை வந்தது, தலா 1,800 ரூபாய். மொத்தம் 5,400, வீட்டுக்கு 450. நான் வீடுகளுக்கு அனுப்பிய கணக்கு 900! முதல் துண்டில் காலிப் பட்டியல், இரண்டாவதில் அப்பெண்ட் (பட்டியலில் சேர்ப்பது), மூன்றாவதில் வகுத்தல். ஏதோ எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு இரண்டாவதை மட்டும் மறுபடி ஓட்டியிருக்கிறேன். பழைய மூன்று லாரியோடு புதிதாக மூன்று சேர்ந்துவிட்டது. கோப்பைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கேட்காமல் பணம் போட்டுவிட்ட இரண்டு வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து, பட்டியலை உருவாக்குவதும் அதில் சேர்ப்பதும் ஒரே துண்டில்தான். பத்து முறை ஓட்டினாலும் அதே விடை வரவேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கோப்பிலிருந்து ஒரு மாறியை அழித்தாலும் செஷனில் அது இருக்கும். அன்றைக்கு எல்லாம் ஓடும். மறுநாள் கணினியைத் திறந்து ஓட்டினால் 'நேம் எரர்', அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை. ஆகவே தொகையை அனுப்பும் முன் செஷன் பஃபருக்கு (அந்தப் பைத்தான் ஓடும் இமாக்ஸ் பக்கம்) போய், கண்ட்ரோல்-எக்ஸ் கே அடித்து அதைக் கொன்றுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கிறதே, கொல்லட்டுமா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள். அப்புறம் ஆர்க் கோப்பில் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி, பி. மேலிருந்து கீழ்வரை எல்லாத் துண்டும் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்பது எரிச்சல்தான், ஆனால் பிறர் அனுப்பிய கோப்புகளையும் திறப்பவர் அதை அணைக்க வேண்டாம்.

செஷன் இல்லாமல் ஓடிய துண்டில் செஷனைச் சேர்த்ததும் 'ரிட்டர்ன்' பிழை வருகிறதா? செஷன் இல்லாதபோது, மதிப்பைக் கேட்டால், பேபல் உங்கள் வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து ஓட்டும். விடைக்கு ரிட்டர்ன் வேண்டும். செஷனில் அந்த உறை கிடையாது, கடைசி வரியின் மதிப்பே விடை. ரிட்டர்னை எடுத்துவிட்டு மாறியின் பெயரை மட்டும் விடுங்கள். பிரிண்ட் போட்டும் 'நன்' என்று வந்தால், தலைப்பு வரியில் ரிசல்ட்ஸ் என்பதற்கு அவுட்புட் என்று கொடுங்கள்.

ஃபங்ஷனுக்கு நடுவில் காலி வரி விட்டால் இன்டென்டேஷன் பிழை வருகிறதென்றால் உங்கள் ஆர்க் பழையது. வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வதுபோல் அது அனுப்புகிறது. காலி வரியைக் கண்டதும் ஃபங்ஷன் முடிந்தது என்று பைத்தான் நினைத்துக்கொள்கிறது. ஆர்க்கைப் புதுப்பிப்பது நல்லது. அதுவரை உள்ளே காலி வரி வேண்டாம்.

இமாக்ஸ் அப்படியே உறைந்துபோனால், துண்டுக்குள் 'இன்புட்' (நம்மிடம் பதில் கேட்டுக் காத்திருக்கும் கட்டளை) இருக்கிறதா என்று பாருங்கள். பைத்தானுக்குப் பதில் ஷெல் (கணினிக் கட்டளைகள்) செஷன் என்றால், நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளை கடவுச்சொல் கேட்டுக் காத்திருக்கும். கண்ட்ரோல்-ஜி அடித்து வெளியே வந்து, செஷன் பஃபரில் கண்ட்ரோல்-சியை இரண்டு முறை அழுத்தினால் நின்றுவிடும். கேள்வி கேட்கும் கட்டளையை நான் செஷனுக்குள் வைப்பதே இல்லை. எண்ணைக் கோப்பிலேயே எழுதிவிடுவேன். வேலையே நீளமானது என்றால் ஆர்க் 9.5 முதல் பைத்தான் செஷனுக்கு 'அசிங்க்' (பின்னணியில் ஓட்டும்) வசதி உண்டு. தலைப்பு வரியில் அதற்கு 'யெஸ்' (yes) என்று போட்டால் விடை வரும்வரை நீங்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கலாம்.