சோப்பு போட்டதும் அணைந்துபோன ஹீட்டர்

கீசர் பழுதானதும், முகாம்களுக்கு எடுத்துப்போகும் சிறிய புரோபேன் வாட்டர் ஹீட்டர் ஒன்றை வாங்கி வெளிச்சுவரில் மாட்டி, குளியலறைக் குழாயோடு இணைத்தேன். முதல் வாரம் அருமை. அப்புறம், சரியாகத் தலையில் சோப்பு போட்ட நேரம் பார்த்துத் தீ அணையும். பச்சைத் தண்ணீர் கொட்டும்.

கேஸ்தான் காரணம் என்று நினைத்து சிலிண்டரை மாற்றினேன். தீப்பொறிக்கான பேட்டரிகளையும் மாற்றினேன். ரெகுலேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

கோளாறு தண்ணீரில் இருந்தது. இந்த வகை ஹீட்டரில் போதுமான நீரோட்டம் இருந்தால்தான் பர்னர் எரியும். குறைந்தால் தானாக அணைந்துவிடும். கேஸை மூடிவிட்டு, தண்ணீர் நுழையும் பக்கத்துக் குழாயைக் கழற்றினேன். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு சல்லடை. துருவும் மணலும் களிம்புபோல் அப்பியிருந்தன. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினேன்.

என் பங்குத் தவறும் இருந்தது. சூடு அதிகமென்று பச்சைத் தண்ணீரைக் கலப்பேன். அப்போது ஹீட்டர் வழியாகப் போகும் நீர் குறையும், தீ அணையும். இப்போது கேஸ் திருகைக் குறைத்து வைத்து, வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறக்கிறேன்.

மழைக்குப் பயந்து இதை உள்ளே மாட்டிவிடாதீர்கள். கேஸ் எரியும்போது உண்டாகக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு அறைக்குள் தேங்கிவிடும், அதற்கு மணமே கிடையாது. உறைபனி இரவுகளில் மட்டும் ஹீட்டருக்குள் நிற்கும் நீரை வடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் பனிக்கட்டி விரிந்து செம்புக் குழாயைப் பிளந்துவிடும்.