வியட்நாம் வீட்டுச் சாப்பாடு: விருந்தாளி தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னால் வைத்த கிண்ணத்தை நம் ஊர்ச் சாப்பாட்டுத் தட்டாக நினைத்து நிரப்பிவிடுவது: வியட்நாம் வீடுகளில் விருந்தாளிகளின் முக்கால்வாசித் தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. அங்கே தனித்தனியாக இருப்பது கையடக்கக் கிண்ணத்துச் சோறு மட்டும்தான். உப்புக் கறி ஒன்று, கீரையோ காயோ ஒன்று, ‘கான்’ என்கிற தெளிந்த சூப், தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் சாறு, எல்லாம் நடுவில் பொதுவாக இருக்கும். ஒரு துண்டு எடுத்து நம் சோற்றின் மேல் வைத்து, கிண்ணத்தை வாயருகே தூக்கிச் சாப்பிட வேண்டும். பொதுத் தட்டிலிருந்து நேரே வாய்க்குக் கொண்டுபோவதும், கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டு அதன்மேல் கவிழ்ந்து சாப்பிடுவதும் நாகரிகமில்லை.

குழம்பு ஊற்றிப் பிசைந்த கை சும்மா இருக்காது. ‘கோ’ வகைக் கறியைக் கரண்டி கரண்டியாகச் சோற்றில் விட்டுக்கொள்ளத் தோன்றும். சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகக் காய்ச்சி, மீன் சாறு (மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கும் ‘நுவாக் மாம்’) சேர்த்துச் சுண்டவைத்த பன்றிக்கறியோ மீனோ அது; வேண்டுமென்றே உப்புத் தூக்கலாகச் செய்வது. ஒரு சின்னத் துண்டுக்கு இரண்டு மூன்று வாய்ச் சோறு என்பதுதான் கணக்கு. ஈரமாகச் சாப்பிட ஆசையென்றால் கடைசிச் சோற்றில் கானை ஊற்றிக்கொள்ளலாம், வீட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

வடக்கே, ஹனோய்ப் பக்கத்துக் குடும்பங்களில், இளையவர்கள் தாத்தா பாட்டியில் தொடங்கி ஒவ்வொருவரையும் முறை சொல்லி ‘சாப்பிடுங்கள்’ என்று அழைத்த பிறகே சாப்பாடு தொடங்கும். தெற்கே இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் பெரியவர்கள் எடுப்பதற்கு முன் நாம் கை வைக்கக் கூடாது. சோறு போதவில்லையென்றால் பானையருகே இருப்பவரிடம் கிண்ணத்தை இரு கையாலும் நீட்ட வேண்டும்.

சாப்ஸ்டிக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதை யாரும் பொறுக்க மாட்டார்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி நிற்கிற மாதிரி அது தெரியும். கிண்ணத்தில் தட்டி ஓசை எழுப்புவது, நல்ல துண்டைத் தேடித் தட்டைக் கிளறுவது, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது, இவையும் கூடாது. இன்னொருவர் கிண்ணத்தில் ஒன்றை எடுத்து வைக்க வேண்டுமானால் குச்சியைத் திருப்பிப் பிடித்து, வாயில் படாத முனையால் வைக்கலாம். மீன்பிடிக் குடும்பங்களில் முழு மீனின் ஒரு பக்கம் தீர்ந்ததும் அதைப் புரட்டிப் போடாதீர்கள். படகு கவிழும் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

தொட்டுக்கொள்ளும் சாற்றை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் தடுக்கி விழுவது அளவில். நெத்திலியை உப்போடு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் ‘நுவாக் மாம்’ புட்டியிலிருந்து அப்படியே ஊற்றினால் உப்பு கரிக்கும். மீன் சாறு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றும் ஒவ்வொரு பங்கு, தண்ணீர் நான்கைந்து பங்கு. இது நல்ல தொடக்கம். முதலில் சர்க்கரையை வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்தால் மணம் போய்விடும். பொடியாக நறுக்கிய பூண்டும் மிளகாயும் கடைசியில் தூவினால் மேலே மிதக்கும். முதலிலேயே போட்டால் பெரும்பாலும் அடியில் தங்கிவிடும். புட்டியில் 30, 40 என்று போட்டிருப்பது லிட்டருக்கு எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கு. எண் கூடக் கூடச் சுவை அடர்த்தியாகும். அப்படிப்பட்டதைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொண்டு, கொதிக்கிற கறிக்கு மலிவானதைப் போடுங்கள்.

வள்ளைக்கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவது இன்னொரு நஷ்டம். நன்றாகத் தளதளக்கும் தண்ணீரில் துளி உப்புப் போட்டு, மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் வேகவிட்டுக் கீரையை எடுத்துவிடுங்கள். மிச்சத் தண்ணீரில் எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்தால் அன்றைய கான் தயார். உப்பை முதலிலேயே அள்ளிப் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது.

சைவக்காரர்கள் ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், இறைச்சி இல்லாத, ஆனால் மீன் சாற்றில் வதக்கிய கீரைதான் வரும். சூப் பொடியிலும் பெரும்பாலும் இறைச்சிச் சாரம் இருக்கும். ‘அன் சாய்’ என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். சந்திர மாதத்தின் 1, 15 ஆம் நாள்களில் பௌத்தக் குடும்பங்கள் பலவும் அந்தச் சைவம்தான் சாப்பிடுகின்றன. சமைத்து முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை. முதல் நாளே சொல்லிவிட்டால் தோஃபுவும் காளானும் வாங்கி வைப்பார்கள்.